அப்பாவுக்கு நரம்பு, தசை பயாப்சி: செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்

செல்வி, சாட்ஸ்வொர்த்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வலது பாதம் தொங்குகிறது, வாசல் படியில் பெருவிரல் தட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் இடது மணிக்கட்டும் விழுந்துவிட்டது. டீக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. இரவில் பாதத்தில் எரிச்சல், தூக்கம் இல்லை. ஆளும் மெலிந்துவிட்டார்.

சர்க்கரை பல வருடமாக உண்டு. கிளினிக்கில் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றுதான் முதலில் சொன்னார்கள். நரம்பியல் டாக்டர் நரம்பிலும் தசையிலும் கரண்ட் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை என்றால் இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி ஏறி வரும், இது இங்கே ஒரு நரம்பு அங்கே ஒரு நரம்பு என்று தாக்கியிருக்கிறது என்றார். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்களில் அழற்சி இருக்கலாமாம். உறுதி செய்ய பயாப்சி, அதாவது காலிலிருந்து ஒரு துண்டு நரம்பும் ஒரு துண்டு தசையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம்.

மாமா ஒரே பிடிவாதம்: சர்க்கரை உடம்பில் கத்தி வைத்தால் ஆறாது, நரம்பை வெட்டினால் கால் போச்சு. அப்பாவுக்கு வேறு கவலை. வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர், இனி நடக்க முடியுமா என்று கேட்கிறார். வலி எப்படி இருக்கும், நரம்பை எடுத்த பிறகு என்ன ஆகும், முடிவு வர எவ்வளவு நாள் ஆகும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மாறன், பீனிக்ஸ்

தங்கச்சி, நானே செய்துகொண்டவன். எனக்கு எடுத்தது சூரல் நரம்பு. வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் ஓடும். முதலில் அப்பாவிடம் இதைச் சொல்: அது தொடு உணர்ச்சிக்கான நரம்பு, காலை அசைக்கிற வேலை அதற்குக் கிடையாது. அதை எடுத்ததால் நடை போகாது.

முழு மயக்கம் கிடையாது. ஒருபக்கமாகப் படுக்க வைத்து, மரத்துப் போக ஊசி போட்டார்கள். அந்த ஊசி எரியும், அவ்வளவுதான். அப்புறம் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. ஒரு இடத்தில் மட்டும் டாக்டர், "இப்போது ஒரு ஷாக் அடிக்கும், காலை ஆட்டாதீர்கள்" என்றார். நரம்பை வெட்டுகிற நொடி அது. கணுக்காலிலிருந்து சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வெட்டு, மூச்சு விடுவதற்குள் போய்விட்டது. முன்கூட்டிச் சொன்னதால் தாங்கிக்கொண்டேன். அப்பாவுக்கும் முன்னாலேயே சொல்லி வை.

எடுத்த பிறகு பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் பக்கம், உணர்ச்சி இருக்காது. இது நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டே சம்மதிக்க வேண்டும். பக்கத்து நரம்புகள் கிளைவிட்டு, நாளாக ஆக அந்த இடம் சுருங்கும். எனக்கு முதலில் உள்ளங்கை அகலம் இருந்தது, இப்போது ரெண்டு விரல் அகலம். முழுசாகத் திரும்பவில்லை.

எனக்கு வந்தது சிஐடிபி, நரம்பின் மேலுறையை உடம்பே தாக்குகிற நோய். அதைப் பெரும்பாலும் கரண்ட் டெஸ்டிலேயே கண்டுபிடிப்பார்களாம், என் கேஸ் குழப்பமாக இருந்ததால் பயாப்சிக்குப் போனது. முடிவு வந்ததும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினார்கள். நம்ம ஊர்க்காரர்கள் கொடுக்கிற ரத்தத்திலிருந்து, டர்பன் பக்கத்துப் பைன்டவுனிலேயே தயாரிக்கிற மருந்து. இன்று வேலைக்குப் போகிறேன்.

ராஜன், டொங்காட்

மாறன் சொல்வது அவர் அனுபவம். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

என் அத்தைக்கு இதே சூரல் நரம்பை எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அவருக்கும் சர்க்கரை. ரெண்டு பாதமும் ஒரே மாதிரி மரத்துப் போயிருந்தது, மணிக்கட்டெல்லாம் விழவில்லை. ரிப்போர்ட்டில் "பொதுவான நரம்புச் சிதைவு, காரணம் குறிப்பாகத் தெரியவில்லை" என்று ஒரு வரி. அதற்காக நரம்பைக் கொடுத்தார். வருடங்கள் போயும் தழும்பு மேல் போர்வை பட்டால் துடிக்கிறார். காலுறை போட முடியாது. இப்படி வலி தங்கிவிடலாம் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கினபோது சொன்னதெல்லாம் "சின்ன வெட்டு" மட்டும்தான்.

தங்கச்சி, நீ டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேள்: இந்தத் துண்டில் இப்படி வந்தால் என்ன மருந்து, அப்படி வந்தால் என்ன மருந்து? ரெண்டுக்கும் ஒரே பதில் என்றால் எடுக்கவே வேண்டாம்.

தேவி சிஸ்டர், டர்பன்

அறுவை அரங்கில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். ராஜன் கேட்கச் சொன்ன கேள்வி மிகச் சரியான கேள்வி. அதைக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆனால் செல்வியின் அப்பா கேஸும் அத்தை கேஸும் ஒன்று அல்ல. ரெண்டு பாதமும் சமமாக, மெதுவாக மரத்துப் போகிற சர்க்கரை நோயாளிக்கு நரம்பை வெட்டிப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அதனால் இப்போதெல்லாம் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஒரு கால், ஒரு கை என்று திடீர் திடீரென்று விழுவது, எடை குறைவது, இரவில் எரிச்சல், இது வேறு கதை. ரத்தக்குழாய் அழற்சி என்றால் கொடுக்க வேண்டிய மருந்து கடுமையானது. பல மாதம் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும். சர்க்கரை உள்ள ஒருவருக்கு அதைச் சும்மா ஊகத்தின் பேரில் தொடங்க எந்த டாக்டரும் தயங்குவார். கொடுக்காமல் விட்டால் அடுத்த நரம்பு விழும். இங்கே முடிவு நிஜமாகவே வைத்தியத்தை மாற்றும்.

எந்த இடத்தில் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டீர்களா? இந்தச் சந்தேகத்துக்குப் பல டாக்டர்கள் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, காலின் வெளிப்பக்கம், ஒரே வெட்டில் ரெண்டையும் எடுப்பார்கள்: மேலோட்டமாக ஓடும் பெரோனியல் நரம்பு, அதன் அடியிலேயே இருக்கும் பெரோனியஸ் பிரெவிஸ் தசை. ஒரு காயம், ஒரு தையல் வரிசை. அந்த நரம்பை எடுத்தால் மரத்துப் போவது பாதத்தின் மேல்பக்கம். சூரல் நரம்பும் தொடைத் தசையும் என்று முடிவு செய்தால் ரெண்டு வெட்டு.

ஆஸ்பிரின், வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா? இருந்தால் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் அதையும்.

காயம் ஆறாது என்ற மாமாவின் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். சர்க்கரை ஏறிக் கிடந்தால் மெதுவாகத்தான் ஆறும், சீழ் பிடிக்கவும் கூடும். அதற்கு வழி சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வருவது. பாதத்தில் நாடி நன்றாகத் துடிக்கிறதா என்று டாக்டர் பார்த்திருப்பார், இல்லாவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ரெண்டு நாள் காலை உயர்த்தி வைக்க வேண்டும். தையலைப் பத்து நாளிலிருந்து ரெண்டு வாரத்துக்குள் பிரிப்பார்கள், கீழ்க்காலில் அவசரப்படக் கூடாது. எந்தக் கால் என்பதைப் பொறுத்து, கட்டு இருக்கும் வரை வண்டி ஓட்டுவதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

கோமதி, மிட்ராண்ட்

என் பையனுக்கு டுஷென் தசைச் சிதைவு. சென்னையிலிருந்து இங்கே வந்த புதிதில்தான் தெரிய வந்தது. சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) என்ற ரத்தப் பரிசோதனையில் எண் பல ஆயிரத்தில் இருந்தது. அவனுக்கும் தசை எடுக்க வேண்டுமோ என்று நடுங்கிக் கிடந்தோம். எங்கள் டாக்டர் முதலில் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை போட்டார். இந்த நோயில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு மரபணுவில் ஒரு பெரிய துண்டே இல்லாமல் இருக்கும், அது ரத்தத்திலேயே தெரிந்துவிடும். இவனுக்கும் தெரிந்தது, கத்தியே வேண்டியிருக்கவில்லை.

செல்விக்கு இது பொருந்தாது என்று தெரியும். அவர் அப்பாவுக்கு வந்திருப்பது பிறவியிலேயே வருகிற நோய் மாதிரி இல்லை. பிள்ளைகளுக்காக இந்தப் பக்கத்தைத் தேடி வருகிற பெற்றோர் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதினேன்: முதலில் மரபணு கேளுங்கள். பயாப்சி தேவைப்பட்டே ஆக வேண்டும், முழு மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்றால், தசை நோய்ச் சந்தேகம் இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். சில மயக்க வாயுக்களும் சக்சினைல்கோலின் என்ற மருந்தும் இந்தப் பிள்ளைகளுக்கு உயிராபத்து.

சண்முகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

திசு ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராஜனின் அத்தைக்கு வந்த "குறிப்பாகத் தெரியவில்லை" என்ற வரியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அந்த வரி நோயால் மட்டும் வருவதில்லை. எடுத்த விதத்தாலும் கொண்டு வந்த விதத்தாலும் வரும்.

தசையைச் சாதாரணக் கட்டியைப் போல, பதப்படுத்துகிற ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பினால் பாதி விஷயம் அங்கேயே அழிந்துவிடும். தசையில் நாங்கள் பார்ப்பது வெறும் உருவம் மட்டும் அல்ல. உள்ளே நொதிகள் வேலை செய்கின்றனவா, எந்த இழை எந்த வகை, எந்தப் புரதம் இல்லை என்பதெல்லாம் பார்க்க வேண்டும். அதற்குத் திசு ஃபார்மலின் படாமல் புதிதாக வந்து உறைய வேண்டும். உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, ஐஸ் மேல் வைத்து, ஓடி வர வேண்டும். உப்புநீரில் மிதக்க விட்டாலும் கெட்டுவிடும்.

வந்ததும் உறைய வைப்போம். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. தசையை நேராக அதில் போட்டால் சுற்றிலும் நைட்ரஜன் கொதித்து ஆவிப்படலம் கட்டிக்கொள்ளும், குளிர் உள்ளே இறங்கத் தாமதமாகும். அதற்காக ஐசோபென்டேன் என்ற திரவத்தை ஒரு உலோகக் குவளையில் ஊற்றி, அந்தக் குவளையை நைட்ரஜனில் இறக்கி, மைனஸ் 150 வாக்கில் குளிரவைத்து, குவளை அடியில் வெள்ளையாக உறையத் தொடங்குகிற நேரம் பார்த்துத் தசையை முக்குவோம். அந்த நேரம் கண்ணுக்குப் பழக வேண்டும். மெதுவாக உறைந்தால் இழைக்குள் ஐஸ் படிகம் கட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இழையெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டையாக இருக்கும். நோயால் வந்த ஓட்டை எது, எங்களால் வந்த ஓட்டை எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

நரம்புக்கு வேறு வழி. கிள்ளாமல், இழுக்காமல், நீளமாக எடுக்க வேண்டும், மூன்று நாலு சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. அதைப் பிரித்து ஒரு பகுதி ஃபார்மலின், ஒரு பகுதி குளூட்டரால்டிஹைடு என்ற இன்னொரு பதப்படுத்தும் திரவம், ஒரு பகுதி உறைநிலை. குளூட்டரால்டிஹைடில் போனதை பிசினில் பதித்து மிக மெல்லியதாகச் சீவி நீலச் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு இழையின் உறையும் வளையம் வளையமாகத் தெரியும். காங்கோ ரெட் என்று ஒரு சாயம் உண்டு, அமிலாய்டு என்ற கோளாறான புரதம் படிந்திருந்தால் துருவ ஒளியில் ஆப்பிள் பச்சையாக மின்னும். என் வேலையில் எனக்கு அலுக்காத காட்சி அது.

செல்வி, உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ரத்தக்குழாய் அழற்சி விட்டு விட்டு இருக்கும். நோய் இருக்கிறவரிடமும் வெட்டிய துண்டில் அந்த இடம் விழாமல் போகலாம். அதனால்தான் நரம்போடு தசையும் கேட்கிறார்கள், இங்கே தப்பியது அங்கே அகப்படலாம். ஆய்வகமும் ஒரு சீவலோடு விட்டுவிடாமல் பல மட்டத்தில் சீவிப் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் இதையும் கேட்டு வையுங்கள். தசையை உறைய வைத்துப் பார்க்கிற ஆய்வகத்துக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்களா? வெள்ளிக்கிழமை பிற்பகல் எடுக்கிற திட்டம் என்றால் வார இறுதி குறுக்கிடும், வேறு நாள் கேளுங்கள். ஊசி குத்திக் கரண்ட் டெஸ்ட் செய்த அதே தசையிலிருந்து எடுக்க வேண்டாம், ஊசி குத்திய இடத்திலேயே சின்ன அழற்சி இருக்கும், அதைப் பார்த்து நாங்கள் ஏமாறுவோம். ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் கத்தி என்பது பழைய விதி. ஒரேயடியாகச் சூம்பிப் போன தசையும் உதவாது, அங்கே கொழுப்பும் நாரும்தான் மிஞ்சியிருக்கும். ஓரளவு பலவீனமான தசை வேண்டும்.

செல்வி, சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் நன்றி. சண்முகம் ஐயா எழுதியதை அச்செடுத்து டாக்டரிடமே காட்டினேன். கோபப்படவில்லை, உட்கார வைத்துப் பேசினார். பெரோனியல் நரம்பும் அதன் கீழ்த் தசையும்தான், ஒரே வெட்டு. ஊசி குத்தியது அந்தத் தசையில் இல்லை என்றார். ராஜன் அண்ணன் கேள்விக்கும் பதில் தெளிவாக வந்தது: அழற்சி உறுதியானால் ஸ்டீராய்டோடு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, இல்லையென்றால் அது வேண்டாம்.

இப்போது புதுக் குழப்பம். பயாப்சிக்குக் காத்திருக்காமல் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார். முதலிலேயே ஸ்டீராய்டு கொடுத்தால் பயாப்சியில் ஒன்றும் தெரியாதே என்று மாமா கேட்கிறார்.

சண்முகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மாமாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட தசையில் அழற்சி அடங்கிப் போயிருக்கும், அப்படிப் பல துண்டுகள் என் கைக்கு வந்திருக்கின்றன. சில நாள் மாத்திரை எல்லாவற்றையும் துடைத்துவிடாது. நரம்பு ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது என்றால் டாக்டர் முதலில் அதைத்தான் தடுக்கப் பார்ப்பார். மாத்திரை எப்போது என்பதை அவரிடமே விடுங்கள், பயாப்சியைச் சீக்கிரம் வையுங்கள் என்று மட்டும் நெருக்குங்கள். மாத்திரை தொடங்கிய தேதியை ஆய்வகத்துக்குப் போகிற படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மாறன், பீனிக்ஸ்

மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) இருந்தால் முன் அனுமதி எண் வாங்காமல் போகாதே. அரங்குக்கு ஒரு பில், டாக்டருக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் கேட்டிருந்தால் அதுவும் அனுமதியில் இருக்கிறதா என்று பார். அரசு வழியில் போகிறவர்களுக்கு: இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரியில் நேராகப் போய் வரிசையில் நிற்க முடியாது, ஆர்.கே. கான் மாதிரி ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வேண்டும்.

காவடி பற்றி அப்பா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தை மாதம் டர்பன் வெயிலில் தார் ரோடு எப்படிக் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியும். உணர்ச்சி உள்ள கால் தானாக நகர்ந்துகொள்ளும், மரத்த கால் நகராது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும், சர்க்கரைக்காரருக்கு அந்தக் கொப்புளம் புண்ணாகும். பயாப்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் அவர் பாதம் ஏற்கெனவே மரத்திருக்கிறது. கோயிலில் பேசுங்கள், காலுக்கு ஏதாவது போட்டுக்கொண்டோ வளாகத்துக்குள் மட்டுமோ நடக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செல்வி, சாட்ஸ்வொர்த்

பயாப்சி முடிந்தது. அப்பா தைரியமாகப் படுத்திருந்தார். ஷாக் அடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அந்த நேரம் பல்லைக் கடித்துக்கொண்டாராம். மரப்பு இறங்கின பிறகு கொஞ்சம் வலி, பாரசிட்டமால் போதுமாக இருந்தது. பாதத்தின் மேல்பக்கம் தொட்டால் தெரியவில்லை, தேவி அக்கா சொன்ன அதே இடம். காயத்தின் கீழ் ஓரம் கொஞ்சம் சிவந்திருந்தது, நர்ஸ் பார்த்து மருந்து வைத்தார். தையலைக் கொஞ்சம் தள்ளியே பிரித்தார்கள், இப்போது மூடிவிட்டது.

நேற்று ரிப்போர்ட் வந்தது. நரம்பில் ஒரு இழைக்கட்டுக்குள் இழைகள் நிறையப் போயிருக்கின்றன, பக்கத்து இழைக்கட்டு ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. ஆனால் நரம்பில் இருந்த ரத்தக்குழாய்களில் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. தசையில்தான் அகப்பட்டது: ஒரு சின்னக் குழாயின் சுவர் சிதைந்து, சுற்றிலும் அழற்சிச் செல்கள். வாஸ்குலைட்டிஸ், அதாவது ரத்தக்குழாய் அழற்சி என்று உறுதி. சண்முகம் ஐயா, நரம்பை மட்டும் எடுத்திருந்தால் எங்களுக்கும் அந்த "குறிப்பாகத் தெரியவில்லை"தான் வந்திருக்கும்.

அடுத்த வாரம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு தொடங்குகிறது. பிரெட்னிசோனால் சர்க்கரை ஏறிவிட்டது, இன்சுலின் போடுகிறோம். புரட்டாசி வருகிறது, அப்பா வழக்கம்போல ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பேன் என்கிறார். மருந்தும் இன்சுலினும் இருக்கும்போது சாப்பாட்டைத் தவிர்ப்பதில்லை, கறி மீன் தவிர்த்தால் போதும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

தேவி சிஸ்டர், டர்பன்

அம்மா சொன்னதுதான் சரி. சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஏற்றுகிற நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மருந்து சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கலாம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். தொங்குகிற பாதத்துக்கு ஒரு தாங்கி செய்து தரச் சொல்லிப் பிசியோவிடம் அனுப்பச் சொல்லுங்கள். நரம்பு திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளக் கூடாது.

ராஜன், டொங்காட்

தங்கச்சி, மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. அப்பாவுக்கு என் வணக்கம் சொல். ஆனால் கையெழுத்து வாங்கும்போது வலி தங்கலாம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. அத்தைக்கு இப்போது வேறு அறிகுறிகளும் வருகின்றன, கையும் மரக்கத் தொடங்கியிருக்கிறது. மறுபடி நரம்பை எடுக்க அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். பழைய துண்டை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

சண்முகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கேட்டுப் பாருங்கள். துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை ஆய்வகங்கள் பல வருடம் பத்திரமாக வைத்திருக்கும். கண்ணாடித் தகடுகளும் இருக்கலாம். அத்தையின் இப்போதைய டாக்டர் ஆய்வக எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினால், அதே கட்டியிலிருந்து இன்னும் ஆழமாகச் சீவி, அப்போது போடாத சாயங்களைப் போட்டு, நரம்பு தசை பார்க்கிற வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் கொடுக்க முடியும். காங்கோ ரெட் போட்டிருக்கிறார்களா என்று பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள், இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். உறைந்த துண்டு மிச்சம் இருந்தால் இன்னும் நல்லது.

தழும்பு வலிக்குத் தனியாக நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். தழும்பைத் தட்டினால் ஷாக் அடிக்கிறதா என்று கவனியுங்கள். வெட்டிய முனையில் நரம்பு முடிச்சுக் கட்டியிருந்தால் அப்படி இருக்கும், அதற்கு ஊசியும் மாத்திரையும் உண்டு. ரிப்போர்ட்டின் மேல் மூலையில் ஆய்வக எண் இருக்கும், முதலில் அதைத் தேடி எடுத்து வையுங்கள்.